‘தோ’வை அடித்தால் மட்டும் போதாது: என் அனுபவம்

கோபியில் பத்தாவது படித்தபோது ஆங்கில இலக்கணத்தில் காம்ப்ளெக்ஸ் வாக்கியத்தை (வினைமுற்று ஒன்றுக்கு மேல் இருப்பது) சிம்பிளாக (ஒன்றே இருப்பது) மாற்றச் சொன்னாலே எனக்குக் கை நடுங்கும். ‘தோ ஹி வாஸ் டயர்டு, ஹி வொர்க்டு’ என்பதில் ‘தோ’வை (though) மட்டும் அடித்துவிட்டு மீதியை அப்படியே எழுதி வைப்பேன், மார்க் போனதுதான் மிச்சம்.

வழி கிடைத்தது அமுச்சியின் (அம்மாவைப் பெற்ற பாட்டி) பேச்சில். ‘மழை பேஞ்சதால மஞ்சள் காயல கண்ணு’ என்றது ஒருநாள். அட, இதில் ‘காயல’ ஒன்றுதானே வினைமுற்று, ‘பேஞ்சதால’ தனியாக நிற்காதே! ஆங்கிலத்திலும் இதையேதான் கேட்கிறார்கள்: முற்று ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றதைப் பெயராகவோ ‘இங்’ வடிவமாகவோ சுருக்க வேண்டும். ‘பிகாஸ் இட் ரெயின்ட்’ என்பது ‘பிகாஸ் ஆஃப் தி ரெயின்’ ஆகிவிடும். ‘தோ ஹி வாஸ் டயர்டு’ என்பது ‘இன் ஸ்பைட் ஆஃப் பீயிங் டயர்டு’.

அப்புறம் ‘பீயிங்’ பைத்தியம் பிடித்து எல்லா இடத்திலும் போட்டேன். ‘ஆஸ் ஐ வாஸ் லேட், தி பஸ் லெஃப்ட் வித்தவுட் மீ’ என்பதை ‘பீயிங் லேட், தி பஸ் லெஃப்ட் வித்தவுட் மீ’ என்று எழுதினால் லேட்டானது நானில்லை, ஈரோடு பஸ்! எழுவாய் இரண்டு இருந்தால் ‘பிகாஸ் ஆஃப் மை லேட்னெஸ்’ என்று பெயராக்கிவிடுவேன், வம்பே இல்லை.