பளபளப்பை நம்பாதீர்கள்: பழைய ரெக்கார்டையும் அதன் உறையையும் தரம் பார்ப்பது

பழைய தமிழ் சினிமா எல்பி (பல பாட்டுகள் கொண்ட பெரிய தட்டு), ஈபி (சில பாட்டுகளே கொண்ட சிறிய தட்டு) வாங்கப் போகிறவர்களின் கண் முதலில் பளபளப்பில்தான் நிற்கும். மின்னுகிற தட்டு கைக்கு வரும், தூசி படிந்தது ஓரம் போகும். இரண்டிலுமே ஏமாற வாய்ப்புண்டு. தூசியைக் கழுவிவிடலாம். ஆனால் கனமான ஊசி ஓடி குரூவின் (பாட்டு பதிந்திருக்கும் நுண்ணிய பள்ளத்தின்) சுவர் தேய்ந்துபோயிருந்தால் எதனாலும் சரிசெய்ய முடியாது. அந்தத் தேய்மானம் சாதாரணமாகக் கண்ணுக்கும் தெரியாது.

எனவே தட்டை உறையிலிருந்து எடுத்ததும், பாட்டு ஓடும் பகுதியைப் பார்க்கும் முன் லேபிளைப் பாருங்கள். நடு ஓட்டையைச் சுற்றி, ஊசிமுனையால் கோடு போட்டதுபோல் மெல்லிய தடங்கள் தெரியும். பிளேயரின் நடுக்கம்பியில் ஓட்டையைத் தேடிப் பொருத்தும்போது விழுந்த உரசல்கள் அவை. இரண்டு மூன்று என்றால் தட்டு அதிகம் ஓடவில்லை. வலைபோலப் பின்னிக் கிடந்தால், மேற்பரப்பு எவ்வளவு மினுக்கினாலும் நன்றாக உழைத்த தட்டு. இரண்டு பக்கமும் பாருங்கள். ஹிட் பாட்டு இருக்கும் பக்கம் தேய்ந்து, மறுபக்கம் புத்தம் புதிதாக இருப்பது ஈபிக்களில் சகஜம்.

லேபிளில் பெயின்ட்டால் எழுதிய வரிசை எண், 'சவுண்ட் சர்வீஸ்' ரப்பர் ஸ்டாம்ப், ஊர்ப் பெயர் இருந்தால் அது மைக்செட்காரர் கையிலிருந்து வந்தது. கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று பந்தலடியில் நாள் முழுக்கச் சுற்றிய தட்டு. அந்தக் காலத்து செராமிக், கிரிஸ்டல் கார்ட்ரிஜ்கள் (ஊசி பொருத்திய, அதன் அசைவை ஒலியாக மாற்ற உதவும் பாகங்கள்) ஐந்து கிராமுக்கும் மேலான எடையோடு குரூவில் அழுத்தும். இன்றைய காந்தக் கார்ட்ரிஜ்களில் பெரும்பாலானவற்றுக்கு 1.5 முதல் 2.5 கிராம் போதும். ஊசி தாவினால், அதைத் தாங்கும் கையான டோன் ஆர்ம் மேல் நாணயத்தை வைக்கும் வழக்கம் வேறு. மைக்செட் தட்டு என்பதற்காகவே ஒதுக்க வேண்டாம். ஆனால் ஓட்டிக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

அடுத்தது வெளிச்சம். அது ஒரே புள்ளியிலிருந்து வர வேண்டும். டியூப்லைட்டின் பரவலான ஒளியில் பாதிக் கீறல் மறைந்துவிடும். கடை வாசல் வெயிலுக்குப் போங்கள், அல்லது செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடியுங்கள். விளிம்பையும் லேபிளையும் மட்டும் தொட்டு, தட்டை மெதுவாகச் சாய்த்துச் சுற்றுங்கள். உறைக்குள் செருகி எடுக்கும்போது காகிதம் உரசி விழுந்த இழைக் கீறல்கள் முதலில் கண்ணில் படும். பார்க்கப் பயமுறுத்தினாலும் அவை பெரும்பாலும் காதில் விழாது. விரல் நுனியால் லேசாகத் தடவும்போது தட்டுப்படும் கீறல் கட்டாயம் கேட்கும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் 1.8 விநாடிக்கு ஒருமுறை, 45 வேகத்தில் 1.3 விநாடிக்கு ஒருமுறை 'டிக்'.

கீறலின் நீளத்தைவிட அது போகும் திசை முக்கியம். நடுவிலிருந்து விளிம்பு நோக்கிக் குறுக்கே போகும் கீறல் 'டிக்' சத்தத்தோடு முடிந்துவிடும். குரூவின் போக்கிலேயே சரிந்து போகும் சின்னக் கீறல்தான் ஆபத்து. அது ஊசியைப் பக்கத்து வரிக்குத் தள்ளிவிடும். ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடும் தட்டுகளில் பல இப்படிப்பட்டவை.

அதே வெளிச்சத்தில் கறுப்பின் நிறத்தையும் கவனியுங்கள். பாட்டு முடிந்தபின் லேபிளுக்கு அருகே உள்ள வெற்றுப் பகுதி நல்ல கறுப்பாக இருந்து, பாட்டுப் பகுதி மட்டும் சாம்பல் பூத்துத் தெரிந்தால் அது குரூவ் தேய்மானம். சத்தம் அதிகமுள்ள இடங்களில் சாம்பல் திட்டாகத் தெரியும். துடைத்தால் போகாது. வாங்க வேண்டாம்.

வெள்ளைப் புள்ளிகள் பூஞ்சையாக இருக்கலாம். நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இது தவிர்க்க முடியாதது. காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென்மையான திரவ சோப்பு கலந்து, மைக்ரோஃபைபர் துணியால் குரூவின் போக்கில் துடைத்து, பின் வெறும் நீரால் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ந்தபின் உப்பு குரூவில் தங்கும். பிவிசி பிளாஸ்டிக் கவரில் பல வருடம் கிடந்த தட்டில் புகை படிந்ததுபோன்ற மங்கல் வரும். பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்த ரசாயனம் கசிந்து வினைலோடு வேதிவினை செய்ததால் வருவது அது. கழுவினாலும் போகாது, ஓட்டினால் உஸ்ஸென்று இரையும்.

வளைவைப் பார்க்கத் தட்டைக் கண்மட்டத்தில் படுக்கையாகப் பிடித்துச் சுற்றுங்கள். தட்டு முழுவதும் சீராகக் குழிந்திருந்தால் ஊசி பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். விளிம்பில் ஓரிடம் மட்டும் திடீரென எழும்பியிருந்தால் முதல் பாட்டிலேயே ஊசி துள்ளும்.

ஓட்டிக் கேட்க வாய்ப்புக் கிடைத்தால் முதல் பாட்டோடு நிறுத்திவிடாதீர்கள். எல்பியின் வெளி விளிம்பில் குரூவ் விநாடிக்குச் சுமார் 50 செ.மீ. வேகத்தில் ஊசியைக் கடக்கிறது. லேபிள் அருகே அது 21 செ.மீ. அளவுக்கு இறங்கிவிடும். அதே அளவு ஒலி, குறைவான இடத்துக்குள் நெருக்கியடித்துப் பதிந்திருப்பதால் தேய்மானம் முதலில் அங்கேதான் காதில் விழும். ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். பெண் குரல் உச்சத்துக்குப் போகும் இடம், வயலின்கள் கூட்டமாக எழும் இடம், 'ஸ', 'ஷ' வரும் சொற்கள் ஆகிய மூன்றும் போதும். அங்கே குரல் கிழிந்து கரகரத்தால் சுவர் போய்விட்டது. அதைப் பின்னணியில் வரும் பொரிசத்தத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பொரிவது அழுக்காக இருக்கலாம், கழுவினால் குறையும். ஸ்டீரியோ தட்டில் இடதுபக்கம் மட்டும் கரகரத்தால், ஊசி உட்புறம் இழுபடுவதைத் தடுக்கும் ஆன்டி-ஸ்கேட்டிங் வசதியில்லாத பழைய பிளேயரில் நிறைய ஓடியிருக்கிறது என்று ஊகிக்கலாம். உட்புறம் இழுக்கப்படும் ஊசி, இடது ஒலி பதிந்த உள்சுவரை அதிகம் தேய்த்திருக்கும்.

78 வேகத் தட்டுகள் ஷெல்லாக்கால் ஆனவை, அவற்றுக்கு வேறு சோதனை. நடு ஓட்டையில் ஒரு விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு, விரல் மொட்டியால் விளிம்பை லேசாகத் தட்டுங்கள். கணீரென்றால் முழுசு. 'தொப்'பென்றால் மயிரிழை விரிசல் எங்கோ இருக்கிறது. இவற்றை ஆல்கஹால் கலந்த எதனாலும் துடைக்கக் கூடாது, ஷெல்லாக் கரையும். எல்பி ஊசியை இவற்றிலும், 78 ஊசியை எல்பியிலும் வைக்கக் கூடாது.

உறையைத் தனியாகத்தான் மதிப்பிட வேண்டும். தட்டு அருமை, உறை கந்தல் என்பதும் உண்டு, நேர்மாறாகவும் உண்டு. அடுக்கி வைத்ததில் தட்டின் வட்டம் அட்டையில் அச்சாகத் தேய்ந்திருக்கிறதா, மேல் கீழ் ஓரங்கள் பிளந்திருக்கின்றனவா, முதுகில் பெயர் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். பழைய செலோடேப் விலையை இறக்கும். பசை மஞ்சளாகி அட்டைக்குள் ஊறியிருக்கும், உரித்தால் படமும் சேர்ந்து வரும். லேமினேஷன் கொப்பளித்திருந்தால் ஈரம் பட்டிருக்கிறது. உறைக்குள் மூக்கை வைத்துப் பாருங்கள். புழுக்க நாற்றம் வந்தால் உங்கள் அலமாரியில் மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். மேல்தாளை ஒழுங்கில்லாமல் சுரண்டியிருந்தால் ராமபாணப் பூச்சி. மண் ஒட்டிய துளைகள் என்றால் கரையான். உறையிலும் லேபிளிலும் அச்சிட்டுள்ள எண் ஒன்றா என்று சரிபாருங்கள், வேறு தட்டைச் செருகி விற்பது சாதாரணம்.

அரிதான படங்களுக்கு நகல் உறைகளும் உலவுகின்றன. பூதக்கண்ணாடியில் எழுத்தின் விளிம்பு மசமசவென்றிருக்கும். இன்னொரு அடையாளம்: மூல உறையிலிருந்த மடிப்புத் தழும்பு படத்தில் தெரியும், விரலால் தடவினால் வழுவழுவென்றிருக்கும்.

விற்பவர்கள் சொல்லும் குறியீடுகள் பெரும்பாலும் அமெரிக்காவின் கோல்ட்மைன் அளவுகோல்: மின்ட், நியர் மின்ட், விஜி பிளஸ் (வெரி குட் பிளஸ்), விஜி (வெரி குட்), குட், புவர். 'விஜி பிளஸ் / விஜி' என்றால் முதலாவது தட்டுக்கு, இரண்டாவது உறைக்கு. நியர் மின்ட் விலையில் விஜி பிளஸ்ஸுக்குப் பாதி, விஜிக்குக் கால்பங்கு என்பது தோராயக் கணக்கு. விஜியில் பாட்டின் மெல்லிய இடங்களில் இரைச்சல் கேட்கும். குட் என்றால் கரகரப்போடு பாட்டு முழுசாக ஓடும், அவ்வளவுதான். திறக்கவே திறக்காத தட்டைத் தவிர வேறெதையும் மின்ட் என்று சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

நேரில் பார்க்க முடியாமல் தபாலில் வாங்கினால் மூன்று கேளுங்கள்: சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த இரு பக்கப் படங்கள், ஓட்டை தெளிவாகத் தெரியும் லேபிள் படம், ஒவ்வொரு பக்கக் கடைசிப் பாட்டிலிருந்தும் இருபது விநாடி ஒலிப்பதிவு. தட்டை உறைக்கு வெளியே, உள்தாளோடு தனியாக வைத்து பேக் செய்யச் சொல்லுங்கள். உள்ளேயே வைத்து அனுப்பினால் வழியில் குலுங்கிய ஒரே அடியில் தட்டின் விளிம்பு உறையின் ஓரத்தைக் கிழித்துவிடும்.