வீடு வீடாகப் போகும் சிஸ்டர்களுக்கு அட்டவணை போடுவது எப்படி? (புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு)

ஐந்தாறு சிஸ்டர்கள், இருபது வீடுகள். ஹோம் நர்சிங் சேவையில் கோ-ஆர்டினேட்டராகச் சேர்ந்த முதல் வாரத்தில் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்து வீடுகளைக் கோர்க்கத்தான் தோன்றும். நானும் அதைத்தான் செய்தேன். சென்னை நங்கநல்லூரில் வேலை முடித்த சிஸ்டரை அடுத்து பொழிச்சலூருக்கு அனுப்பினேன், மேப்பில் இரண்டுக்கும் நடுவே விரல் அகலம்தான். அந்த விரல் அகலத்தில் மீனம்பாக்கம் விமான நிலையம் இருக்கிறது என்பது, பல்லாவரம் சுற்றிப் போய்ச் சேர்ந்த சிஸ்டர் போனில் பொரிந்து தள்ளியபோதுதான் உறைத்தது.

அதனால் மேப்பைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். முதலில் கடிகாரம்.

படி 1: ஷீட்டில் எழுதுங்கள்

கூகுள் ஷீட் போதும். ஒரு வீட்டுக்கு ஒரு வரி அல்ல, ஒரு விசிட்டுக்கு ஒரு வரி. 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஐ.வி. (ரத்தக் குழாய் வழியாக ஏற்றும்) ஆன்டிபயாடிக் என்றால் காலை 8, இரவு 8 என்று இரண்டு வரி வரும், இரவு வரிக்கு வேறு ஆள் வேண்டும் என்பதும் அப்போதே கண்ணில் படும். ஏரியா, என்ன வேலை, எவ்வளவு நேரம் ஆகும், எந்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும், யார் போகலாம் என்று ஐந்து பத்தி. எல்லோரும் பார்க்கும் ஷீட்டில் நோயாளி பெயர் வேண்டாம், ஒரு எண் கொடுத்துவிடுங்கள்.

'எவ்வளவு நேரம்' என்பதை நீங்களே ஊகிக்காதீர்கள். டிரெஸ்ஸிங் 20 நிமிடம்தான், ஆனால் வண்டி நிறுத்த இடம் தேடி, மூன்று மாடி ஏறி, கை கழுவி, முடித்ததை நோட்டில் எழுதி, "ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போம்மா" என்கிற பாட்டியிடமிருந்து தப்பி வர 35 ஆகிவிடும். சிஸ்டரைக் கேட்டு அந்த 35-ஐ எழுதுங்கள்.

படி 2: நகராதவற்றைக் குறியுங்கள்

'ரெகுலர்' என்ற வகை இன்சுலின் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டியது. வேறு வகை இன்சுலினுக்குக் கணக்கு வேறு, மருந்துச் சீட்டைப் பார்க்காமல் நேரம் வைக்காதீர்கள். "எத்தனை மணிக்கு வரட்டும்?" என்று கேட்டால் எல்லா வீட்டிலும் 'காலையிலேயே' என்பார்கள், "எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். இன்சுலின், ஐ.வி. மாதிரியானவற்றுக்கு ஷீட்டில் சிவப்பு அடித்துவிடுங்கள். கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) மாற்றுவது, தையல் போட்ட புண்ணுக்கு டிரெஸ்ஸிங் எல்லாம் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்னே பின்னே போகலாம்.

படி 3: ஆளைப் போடுங்கள்

ஐ.வி.க்குப் பயிற்சி பெற்ற நர்ஸ்தான், கேர்டேக்கரை அனுப்பக் கூடாது. பெண் நோயாளிகள் பலர் பெண்தான் வேண்டும் என்பார்கள், அதையும் எழுதி வையுங்கள். அப்புறம், முடிந்தவரை ஒரே முகம். நேற்றைய புண்ணைப் பார்த்தவருக்குத்தான் இன்று அது ஆறுகிறதா சீழ் வைக்கிறதா என்று தெரியும். நெதர்லாந்தில் 2006-ல் தொடங்கிய பூர்ட்சோர்க் அமைப்பில் ஒரு பகுதிக்கு அதிகபட்சம் 12 பேர் கொண்ட குழு, அட்டவணையையும் அவர்களே போட்டுக்கொள்கிறார்கள். நம்மிடம் அவ்வளவு ஆள் இல்லை என்றாலும் ஏரியாவைப் பிரித்துக் கொடுப்பதையாவது எடுத்துக்கொள்ளலாம்.

படி 4: இப்போது மேப்

தூரத்தைப் பார்க்காதீர்கள், எதைத் தாண்ட வேண்டும் என்று பாருங்கள்: ரயில் பாதை, ஆறு, விமான நிலையம். தென்சென்னையில் ஒரு சிஸ்டரின் காலை இப்படி அமையலாம். நங்கநல்லூர் இன்சுலின் 7:30, ஆதம்பாக்கம் ஐ.வி. 8 மணி, இரண்டும் சிவப்பு. ஐ.வி. முடிய 9 ஆகும். அங்கிருந்து வேளச்சேரி கதீட்டர் 9:20, மடிப்பாக்கம் தையல் டிரெஸ்ஸிங் 10:20, கடைசியாகப் பள்ளிக்கரணையில் சீழ் பிடித்த படுக்கைப் புண் 11:10. அது கடைசியில் வந்தது வழியில் இருப்பதால் மட்டுமல்ல. சுத்தமான புண் முதலில், தொற்று உள்ளது கடைசியில். வழி கொஞ்சம் சுற்றாக இருந்தாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கூகுள் மேப்பில் புறப்படும் நேரத்தைக் காலை 8:30 என்று வைத்துப் பயண நேரம் பாருங்கள், ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து பார்த்தால் எல்லாமே பத்து நிமிடம்தான் காட்டும். வரிசையை அது மாற்றித் தராது, நாம் கொடுத்தபடியே வழி காட்டும். 6 வீட்டை 720 விதமாக வரிசைப்படுத்தலாம், 10 வீடு என்றால் 36,28,800. பெட்ரோல் லாரிகளுக்காக டான்ட்சிக், ராம்சர் என்ற இருவர் 1959-லேயே இந்த வழிக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். புரோகிராம் எழுதத் தெரிந்தால் இந்த மாதிரி வரிசைக் கணக்கைப் போட்டுத் தரும் கூகுளின் ஓ.ஆர்.-டூல்ஸ் மென்பொருள் இலவசம்தான். ஆனால் சிவப்பு விசிட்களை உட்கார வைத்த பிறகு மிச்சம் நகர்த்த மூன்று நான்குதான் இருக்கும், அதற்குக் கையே போதும்.

படி 5: இடைவெளி விடுங்கள்

ஒவ்வொருவருக்கும் காலையில் அரை மணி காலியாக இருக்கட்டும். யாராவது லீவு போட்டால் அவருடைய சிவப்பு விசிட்களை மட்டும் மற்றவர்களுக்குப் பிரியுங்கள், மற்றவற்றை மதியத்துக்குத் தள்ளி, வீட்டுக்காரர்களிடம் நீங்களே போனில் சொல்லிவிடுங்கள். முதல் நாள் மாலை வாட்ஸ்அப்பில் நேரம் அனுப்பும்போது '9:20' என்று போடாமல் '9:15-லிருந்து 9:45-க்குள்' என்று போட்டால் பாதிப் போன் குறையும்.

அந்தப் பொழிச்சலூர் வீட்டை மறுநாளே பம்மலில் இருக்கும் சிஸ்டருக்கு மாற்றிவிட்டேன். மழைக்காலத்துக்கு ஷீட்டில் இன்னொரு பக்கமும் வைத்திருக்கிறேன். பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் உள்ள வீடுகளுக்கு அன்றைக்கு அந்தப் பக்கத்து சிஸ்டர்தான்.