பதின்வயதுப் பிள்ளையுடன் ஆசியப் பயணம்: ஊர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

டோக்கியோ, பாங்காக், பாலி என்று ஊர்ப்பெயர்களை அடுக்கத் தொடங்குவதற்கு முன்பு, உடன் வரப்போகும் பிள்ளைக்கு இப்போது எதில் ஈடுபாடு இருக்கிறது என்பதை அறிந்து, அதற்குப் பொருத்தமான ஓர் இடத்தை முதலில் உறுதிசெய்யுங்கள். மற்றவை அதைச் சுற்றி அமையட்டும். "எங்கே போகலாம்?" என்று பொதுவாகக் கேட்டால் "எங்கேயாவது" என்ற பதில்தான் கிடைக்கும். இரண்டு மூன்று நாடுகளைச் சொல்லி, அங்கே ஒரு நாளை எப்படிக் கழிக்கலாம் என்று அவர்களையே தேடிப் பார்க்கச் சொல்வது நல்லது.

அனிமே எனப்படும் ஜப்பானிய அசைவூட்டப் படங்களிலும் வீடியோ கேமிலும் மூழ்கியிருக்கும் பிள்ளைக்கு ஜப்பானை மிஞ்சிய இடம் இல்லை. அனிமே, வீடியோ கேம் கடைகள் நிறைந்த, டோக்கியோவின் அகிஹபாரா பகுதியில் ஒரு முழு நாளே போய்விடும். மிடாகாவிலுள்ள, கிப்லி என்ற அனிமே பட நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்கு முன்பதிவுச் சீட்டு இல்லாமல் நுழைய முடியாது என்பதால், அந்தச் சீட்டு கிடைக்கும் நாளை வைத்தே டோக்கியோவில் தங்கும் நாள்களை முடிவு செய்யலாம். அங்கிருந்து வேகமான ஷின்கான்சென் ரயிலில் கியோட்டோவுக்கு ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம். ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தைச் சிறு குழந்தைகளுக்குக் காட்டத் தயங்குவோம். பதின்வயதில் அதைப் பார்ப்பதும் அதைப் பற்றிப் பேசுவதும் பயனுள்ளவை. கடலில் ஆர்வமுள்ளவர்களுக்குத் தாய்லாந்தின் கோ தாவ் தீவு ஏற்றது. ஸ்கூபா டைவிங்கின் தொடக்கநிலைச் சான்றிதழ்ப் பயிற்சியைப் பத்து வயதிலிருந்தே பெறலாம். கொரிய இசை கேட்பவர்களுக்கு சியோலைத் தவிர வேறெதையும் சொல்லிப் பயனில்லை.

அடுத்துப் பருவநிலை. பல பள்ளிகளுக்கு விடுமுறை விடும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் புக்கெட் உள்ளிட்ட அந்தமான் கடலோரத்தில் பருவமழை; ஆனால் அதே நாட்டின் கிழக்குப் பக்கமுள்ள கோ சமுய் தீவில் பெருமழை அக்டோபருக்குப் பிறகே வரும். இலங்கையிலும் அவ்வாறே: தென்மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும்போது திருகோணமலைக் கடற்கரைகள் அமைதியாக இருக்கும். மத்திய வியட்நாமின் ஹோய் ஆன், அக்டோபர், நவம்பரில் வெள்ளத்தில் சிக்கக்கூடும். நேபாள மலைநடைக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை உகந்ததன்று.

இரண்டு வாரப் பயணத்துக்கு இரண்டு அல்லது மூன்று ஊர்கள் போதும். பதின்வயதினர் இரவில் தாமதமாக உறங்கிக் காலையில் தாமதமாக எழுவது பெரும்பாலும் உடலின் இயல்பே, சோம்பல் அன்று. தினமும் விடியற்காலையில் பெட்டி கட்டவைக்கும் திட்டம் எல்லோர் மனநிலையையும் கெடுக்கும். கம்போடியாவிலுள்ள 12ஆம் நூற்றாண்டுக் கோயிலான அங்கோர் வாட்டில் சூரிய உதயம் பார்க்க வேண்டுமானால் ஒரு நாள் மட்டும் அதற்கு ஒதுக்குங்கள். எத்தனை அழகானவை ஆனாலும், தொடர்ந்து மூன்று நாள் கோயில் பார்க்கப் பெரியவர்களுக்கே பொறுமை இருக்காது.

என் கருத்தில், இரண்டு இடங்கள் சமமாகத் தோன்றும்போது பிள்ளை ஓரிரு மணி நேரம் தனியாக நடமாடக்கூடிய ஊரைத் தேர்ந்தெடுப்பதே சரி. மெட்ரோ வசதி சிறந்த சிங்கப்பூர், தைபே, சியோல், டோக்கியோ ஆகியவற்றில் இது எளிது. ஹனோயில் மோட்டார்சைக்கிள் வெள்ளத்துக்கு நடுவே சாலையைக் கடக்கப் பழகவே ஒரு நாள் ஆகும். சீனாவின் பெருநிலப்பகுதியில் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், கூகுள் ஆகியவை முடக்கப்பட்டுள்ளன. அங்கே போவதானால் இதைப் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சிங்கப்பூரிலும் தாய்லாந்திலும் மின்சிகரெட் சட்டவிரோதம் என்பதையும் தயங்காமல் பேசிவிட வேண்டும்.

செலவுக் கணக்கில் பிள்ளையைப் பெரியவராகவே வையுங்கள்: ஜப்பானிய ரயில்களில் 12 வயதிலிருந்து முழுக் கட்டணம், அங்கோர் நுழைவுச்சீட்டும் அந்த வயதிலிருந்து வாங்கியே ஆக வேண்டும். பயணச்சீட்டு வாங்கும் முன் கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதம் செல்லுமா என்று பாருங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் அழைத்துச் செல்வதானால், மற்றவரின் ஒப்புதல் கடிதத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.