மேற்படிப்புக்கு மாணவர்களைத் தயார்செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேர்ந்த சக ஆசிரியர் ஒருவர் போன வாரம் தம் மாணவரின் எஸ்.ஓ.பி.யை, அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு மாணவர் எழுதித் தரும் கட்டுரையை, கொண்டுவந்து காட்டினார். பக்கம் முழுக்கச் சிவப்பு மை. “ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து திருத்தினேன் சார்” என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நானும் ஒரு காலத்தில் இதையேதான் செய்தேன். கடைசித் தேதியைத் தவறவிடாதே, பல்கலைக்கழகத்தின் பெயரை மாற்றி எழுதாதே என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். வழிகாட்டிகளாகிய நாம் செய்யும் தவறுகளைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

மாணவரின் எஸ்.ஓ.பி.யை நாம் எழுதுவது

நான் அப்படித் திருத்திய ஒரு மாணவி என் லேபில் இரண்டு செமஸ்டர் வேலை பார்த்தவள். பி.சி.ஆர். (டி.என்.ஏ.வின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கும் முறை) முடித்து, பெருகியதா என்று பார்க்க ஜெல்லில் ஓட்டினால், டி.என்.ஏ.வைக் காட்டும் பட்டையே வராது. மூன்று வாரம் இதே கதை. பெருக்கலைத் தொடங்கிவைக்கும் பிரைமரை மாற்றினாள், வெப்பநிலையை இறக்கினாள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான், ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்துவைத்தாள். கடைசியில் பஃபர் கரைசல் புட்டியைத் திருப்பி லேபிளைப் படித்திருக்கிறாள். புதிதாக வந்த அந்தப் புட்டியில் மெக்னீசியம் குளோரைடு கிடையாது, தனியாகச் சேர்க்க வேண்டும். மெக்னீசியம் இல்லாமல், டி.என்.ஏ.வைப் பெருக்கும் பாலிமரேஸ் நொதி வேலை செய்யாது. சேர்த்து ஓட்டினாள், பட்டை பளிச்சென்று வந்தது.

இதைத்தான் முதல் வரைவில் எழுதியிருந்தாள், தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில். நான் அந்தப் பத்தியை அடித்தேன். சொதப்பியதை எழுதினால் மட்டமாக நினைப்பார்கள் என்று எனக்கு எண்ணம். அந்த இடத்தில், மரபணு வெளிப்பாட்டின் மூலக்கூறு வழிமுறைகளில் ஆழ்ந்த ஈடுபாடு என்று நானே ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன்.

நேர்காணலில் முதல் கேள்வியே அதிலிருந்துதான். “எந்த வழிமுறை? அதில் உங்களுக்கு உறுத்தலாக இருப்பது என்ன?” அவளிடம் பதில் இல்லை. எப்படி இருக்கும்? அது என் ஈடுபாடு. இடம் கிடைக்கவில்லை. “நான் இன்னும் ரெடியாகலை போல சார்” என்றாள். ரெடியாகத்தான் இருந்தாள். அதற்குக் கையில் இருந்த ஒரே சான்றை அடித்தவன் நான். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் அடங்குவதில்லை.

ஆராய்ச்சியில் பெரும்பாலான நாட்கள் எதுவும் சரியாக வராது. வராதபோது இந்த ஆள் என்ன செய்வார் என்பதைத்தான் சேர்க்கைக் குழு தேடுகிறது. இப்போதெல்லாம் நான் வரியைத் தொடுவதில்லை. ஓரத்தில் கேள்வி மட்டும் எழுதுகிறேன்: “ஏன் அதை முதலில் மாற்றினாய்?”, “அடுத்து என்ன பார்த்தாய்?” இலக்கணப் பிழையெல்லாம் கடைசி வரைவில் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டும்படாமல் எழுதும் பரிந்துரைக் கடிதம்

“நல்ல மதிப்பெண் வாங்கினார், ஒழுங்காக வகுப்புக்கு வந்தார்.” இது மதிப்பெண் பட்டியலிலேயே இருக்கிறது. வழக்கமாகக் கேட்கும் மூன்று கடிதங்களில் ஒன்று இப்படி இருந்தால் மற்ற இரண்டும் எடுபடாது. அதிகம் பழகாத மாணவர் கேட்டால், வலுவாக எழுத முடியாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். வேறு ஆளைத் தேட அவருக்கு நேரம் வேண்டும்.

மதிப்பெண்ணை வைத்து மட்டும் மேற்படிப்புக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுப்பது

வேண்டாம்.

பணத்தைப் பற்றி வாய் திறக்காதது

அமெரிக்காவில் அறிவியல் பிஎச்.டி. என்றால் பெரும்பாலும் கல்விக் கட்டணமும் கட்ட வேண்டாம், உதவித்தொகையும் வரும். அதற்கு ஈடாக வகுப்பிலோ லேபிலோ வேலை பார்க்க வேண்டியிருக்கும். முதுகலைக்குப் பெரும்பாலும் கைக்காசுதான். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவருக்கு இந்த வித்தியாசத்தை யார் சொல்லியிருப்பார்கள்? கேட்கவும் கூச்சப்படுவார். பேச்சை நாம்தான் எடுக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணத்துக்கும் பல இடங்களில் விலக்கு உண்டு.

எல்லோரையும் ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வு எழுதச் சொல்வது

கேட்காத துறைகள் இப்போது நிறைய. துறையின் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

முதல் சேர்க்கைக் கடிதம் வந்ததும் அவசரப்படுத்துவது

உதவித்தொகையோடு இடம் கொடுத்தால் ஏப்ரல் 15 வரை பதிலுக்குக் காத்திருப்போம் என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல உடன்பட்டிருக்கின்றன. சந்தோஷத்தில் “உடனே ஒத்துக்கோ” என்று நெருக்காதீர்கள். சேரப்போகும் லேபில் இப்போது இருக்கும் மாணவர்களிடம், கைடு பக்கத்தில் இல்லாதபோது, ஒரு முறை பேசிவிட்டு முடிவெடுக்கட்டும்.