வேனின் உட்கூரைத் துணி ஒட்டாமல் போன காரணம்

நுவரெலியாவில் நான் ஓட்டும் பழைய வேனின் உட்கூரைத் துணி, பின் இருக்கையில் அமர்பவர்களின் தலையில் படும் அளவுக்குத் தொங்கிவிட்டது. முதலில் ஓரத்தைத் தூக்கி உள்ளே பசையைத் தெளித்து அழுத்தினேன், மறுநாளே விழுந்தது. துணியின் முதுகிலிருந்த மெல்லிய ஸ்பொஞ்ச் மக்கி, விரல் பட்டாலே மஞ்சள் மாவாக உதிர்ந்தது. பசை பிடித்தது அந்த மாவைத்தான், துணி ஒட்டியிருந்த கூரைப் பலகையை அல்ல.

ஆகவே பலகையைக் கழற்றி, மாவு முழுவதையும் தூரிகையால் தேய்த்து அகற்றி, ஸ்பொஞ்ச் பதித்த புதிய துணியை, இரு பரப்பிலும் பசை பூசி ஒட்டினேன். மூன்றாம் நாள் அதுவும் நடுவில் உப்பியது.

உரித்துப் பார்த்தபோது பசைப் படலம் பாலாடைபோல் வெளிறியிருந்தது. பசையிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கிறது. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில், மூடுபனி இறங்கிய மாலையில் நான் வேலை செய்ததால், காற்றின் ஈரம் அப்படலத்தில் படிந்து பிடிப்பைக் கெடுத்துவிட்டது. இதே வகையில் வேறொரு பசையை வாங்கியிருந்தாலும் இதுவே நடந்திருக்கக்கூடும்.

துணியை மறுபடி வாங்க நேர்ந்தது. இம்முறை வெயில் ஏறிய முற்பகலில், பழைய படலத்தைச் சுரண்டி, பலகையையும் துணியையும் நன்றாகக் காயவைத்த பின், நெருப்பு எதுவும் அருகில் இல்லாத திறந்த முற்றத்தில் பசையை மெல்லியதாகப் பூசினேன். விரலில் ஒட்டாத, ஆனால் பிசுபிசுப்பு மாறாத பதம் வந்ததும், நடுவிலிருந்து ஓரம் நோக்கி உள்ளங்கையால் அழுத்தினேன். ஒரு மழைக்காலம் கடந்தும் துணி அசையவில்லை, பெரிய நிம்மதி.