குழந்தையின் பிறந்தநாள்: விழாவுக்கு முன் கவனியுங்கள், முடிந்ததும் எழுதுங்கள்

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் பிறந்தநாளில் அழுகை வெடிப்பது பெரும்பாலும் கேக் வெட்டும்போதுதான். விளக்கை அணைத்து, கூட்டமாகச் சுற்றி நின்று, ஒரே குரலில் பாடி, செல்போனை முகத்துக்கு நேரே நீட்டினால் ஒரு குழந்தை மிரண்டுபோகும். இன்னொன்று நாற்காலியில் ஏறி நின்று தானும் சேர்ந்து பாடும். உங்கள் குழந்தை இதில் எந்த ரகம் என்று தெரிந்துகொண்டு விழாவுக்குத் திட்டம் போடுங்கள். 15 நாள் கவனித்தாலே தெரிந்துவிடும்.

சின்ன நோட்டு ஒன்றை எடுத்து தினமும் இரண்டு மூன்று வரி எழுதுங்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு: கூச்சம், பிடிவாதம், சுட்டி போன்ற சொற்கள் கூடாது. என்ன செய்தது, எவ்வளவு நேரம் செய்தது, என்ன சொன்னது என்பவை மட்டும் போதும். உதாரணமாக, ‘கூச்ச சுபாவம்’ என்பதற்குப் பதில் இப்படி எழுதலாம்: “பக்கத்து வீட்டு மாமா வந்தார். 10 நிமிடம் என் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்புறம் மெல்லப் போய், அவர் கழற்றிப் போட்ட செருப்பை ஜோடியாக நேராக்கி வைத்துவிட்டு ஓடி வந்தாள்.” கூச்சம் என்ற சொல் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பொருந்தும். அந்தச் செருப்புக் காட்சி அவளுக்கு மட்டும்தான் பொருந்தும். தயங்கினாலும் அவள் ஒதுங்கிவிடவில்லை, தன் வழியில் நெருங்கினாள் என்பதும் அதில் இருக்கிறது.

எதையெல்லாம் கவனிப்பது? அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி 1956-இல் நியூயார்க்கில் தொடங்கிய நீண்டகால ஆய்வில் குழந்தைகளின் இயல்பை 9 கூறுகளாகப் பிரித்தார்கள். பிறந்தநாளுக்கு அதில் நான்கு முக்கியம்: பசியும் தூக்கமும் நேரப்படி வருகிறதா, புதியவரைக் கண்டால் நெருங்குகிறதா விலகுகிறதா, மாற்றத்துக்கு எவ்வளவு சீக்கிரம் பழகுகிறது, சத்தமும் வெளிச்சமும் துணியின் உரசலும் எவ்வளவு உறுத்துகின்றன. அந்த ஆய்வில் சுமார் 40% குழந்தைகள் எளிதில் பழகும் வகை, 10% சிரமமான வகை, 15% மெதுவாகப் பழகும் வகை. மீதி 35% எந்த வகையிலும் அடங்கவில்லை. அதனால் உங்கள் பிள்ளைக்கு எப்படியாவது ஒரு பெயர் சூட்டிவிட வேண்டும் என்ற அவசரம் வேண்டாம்.

இனி திட்டம். நேரத்தைப் பெரியவர்களின் வசதிக்கு வைப்பதுதான் முதல் தவறு. பகல் தூக்கம் முடிந்து அரை மணி கழித்துத் தொடங்குங்கள். மூன்று வயது வரை ஒன்றரை மணி நேரம், அதற்கு மேல் இரண்டு மணி நேரம் போதும். குழந்தையின் வயதோடு ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் அழைக்க வேண்டிய பிள்ளைகளின் எண்ணிக்கை. இது வெறும் கைக்கணக்குதான். ஆனால் மெதுவாகப் பழகும் குழந்தைக்கு இதைத் தாண்டாதீர்கள். விழா வெளியிடத்தில் என்றால் மற்றவர்கள் வருவதற்கு அரை மணி முன்பே குழந்தையை அங்கே கொண்டுபோய்விடுங்கள். ஆட்கள் ஒவ்வொருவராக வருவதைப் பார்த்துப் பழகும். நிறைந்த கூடத்துக்குள் திடீரென நுழைவதைவிட அது எவ்வளவோ சுலபம்.

புதுத் துணியை ஒருமுறை துவைத்து, இரண்டு நாள் முன்பே அரை மணி நேரம் போட்டுப் பாருங்கள். கழுத்தில் குத்தும் லேபிள் அப்போதே தெரிந்துவிடும். மெழுகுவத்தி ஊதுவதையும் இரண்டு மூன்று தடவை ஒத்திகை பாருங்கள். அன்று கேக்கை முதல் முக்கால் மணிக்குள் முடித்துவிடுங்கள். விளக்கை அணைக்காமல், மடியில் உட்கார்த்தி, தாழ்ந்த குரலில் பாடுங்கள். நெருப்பு முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளியிருக்கட்டும், முடியைக் கட்டிவிடுங்கள். ஊத மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். ‘எல்லாரும் பார்க்கிறாங்க’ என்று சொல்லாதீர்கள், மிரண்டதே அதனால்தான்.

ஆபத்து மூன்று இடங்களில் இருக்கிறது. ஊதாத பலூனும் வெடித்த பலூனின் துண்டும் தொண்டையில் ஒட்டி மூச்சை அடைத்துவிடும். எட்டு வயதுக்குட்பட்டவர்களின் கைக்கு அவை எட்டக்கூடாது, துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள், முழுக் கொட்டைப் பருப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மின்னும் பொம்மை ஆகியவற்றில் பட்டன் பேட்டரி, அதாவது சட்டைப் பொத்தான் போன்ற வட்டமான சின்ன பேட்டரி, இருக்கும். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடியது அது. சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பரிசுகளை ஒரே மூச்சில் பிரிக்க வேண்டாம். இரண்டு மட்டும் அன்று, மற்றவை நாளுக்கு ஒன்று.

விழா முடிந்த இரண்டு நாளுக்குள் ஒரு பக்கம் எழுதிவிடுங்கள். பெரியவர்கள் நினைவுகூரும் மிகப் பழைய நினைவு பொதுவாக மூன்று, மூன்றரை வயதைத் தாண்டிப் பின்னால் போவதில்லை. இரண்டு வயதில் தான் எப்படி இருந்தோம் என்று அந்தக் குழந்தைக்குச் சொல்ல இந்தப் பக்கம்தான் இருக்கும். நோட்டிலிருந்து ஐந்தாறு காட்சிகள், மழலையில் சொல்லும் சொற்கள் அதே உச்சரிப்பில், இந்த வருடம் பயந்தது, பழக்கமாக இருந்து நின்றுபோனது. அவ்வளவுதான். அண்ணனோடு ஒப்பிட வேண்டாம், பின்னாளில் என்ன ஆவாள் என்ற ஆருடமும் வேண்டாம். 15 வயதில் அவளே படித்தால் கூனிக்குறுகும் விஷயங்களையும் விட்டுவிடுங்கள். அம்மா, அப்பா, பார்த்துக்கொள்ளும் பாட்டி என ஒவ்வொருவரும் மற்றவர் எழுதியதைப் பார்க்காமல் எழுதினால் இன்னும் நல்லது. ஒருவரிடம் ஓயாமல் பேசும் பிள்ளை இன்னொருவரிடம் மௌனமாகக் கைவேலை செய்துகொண்டிருக்கும்.

ஏழு கேள்விகளை நீங்களே முடிவுசெய்துகொண்டு, மூன்று வயதிலிருந்து வருடாவருடம் அவற்றையே அதே வரிசையில் கேளுங்கள். எதற்குச் சிரிப்பு வரும், எதற்குப் பயம், உன் நண்பர் யார், அம்மா எப்போது சந்தோஷமாக இருப்பாள் என்பது போல. பதிலைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். சின்னப் பிள்ளைகள் எதிரில் கிடப்பதையே பதிலாகச் சொல்லிவிடுவதுண்டு. சிவப்புப் பந்து கண்ணில் பட்டால் பிடித்த நிறம் சிவப்பாகிவிடும். அதனால் இரண்டு நாள் கழித்து வேறு இடத்தில் மறுபடி கேட்டு, இரண்டு பதிலையும் குறித்துவையுங்கள். கூடவே இரண்டு நிமிடம் குரலைப் பதிவுசெய்து, கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் எண்ணைப் போடுங்கள்.

அமிலமற்ற தாளும் (acid-free) நிறமி மையும் (pigment ink) பல்லாண்டு தாங்கும். கிடைக்காவிட்டால் பென்சிலே போதும், அது வெளிறாது. ரசீதுக்குப் பயன்படும் வெப்பத் தாளில் எழுத்து மறைந்துவிடும்.

போன வருடப் பக்கத்தை, இந்த வருடத்துப் பக்கத்தை எழுதி முடித்த பிறகே எடுங்கள். முன்னதாகப் படித்தால் கண் அந்தப் பழைய குழந்தையையே தேடும்.