மினியேச்சர் மதுப் புட்டிகள்: வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விஸ்கி, ஜின், ரம் போன்ற மதுவகைகள் 50 மில்லி கொள்ளும் குட்டிப் புட்டிகளில் விற்கப்படுவதை வெளிநாட்டு விமான நிலையக் கடைகளிலும் ஸ்காட்லாந்தின் விஸ்கி ஆலைகளை ஒட்டிய விற்பனைக் கூடங்களிலும் காணலாம். விலையுயர்ந்த பெரிய புட்டியை வாங்குமுன் சுவை பார்க்கச் சிலரும், பயணத்தின் நினைவாகச் சிலரும், சேகரித்து அடுக்கி வைக்கச் சிலரும் இவற்றை வாங்குகிறார்கள். எதற்காக வாங்குகிறோம் என்ற தெளிவு இல்லாதபோதுதான் தவறுகள் நேர்கின்றன.

சிக்கனம் என்று எண்ணி வாங்குவது அவற்றுள் ஒன்று. 700 மில்லி புட்டிக்கு ஈடாகப் பதினான்கு மினியேச்சர்கள் வேண்டும்; கண்ணாடி, மூடி, லேபிள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே செலவாவதால், மில்லி கணக்கில் பெரும்பாலும் சிறியதே விலை கூடியது. சுவை பார்க்க மட்டும் என்றால் அந்த விலை நியாயமே.

பொம்மை போன்ற தோற்றத்தைக் கண்டு அளவைக் குறைவாக மதிப்பிடுவது இதைவிடப் பெரிய தவறு. 40 சதவீத விஸ்கியின் மினியேச்சர் ஒன்றில் 20 மில்லி தூய ஆல்கஹால் இருக்கிறது; பிரிட்டனின் மதுக்கூடங்களில் ஒரு முறை ஊற்றும் வழக்கமான 25 மில்லி அளவுக்கு இந்த 50 மில்லி புட்டி இரு மடங்கு. அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1973 முதல் 2005 வரை மதுக்கூடங்கள் குட்டிப் புட்டிகளிலிருந்தே ஊற்ற வேண்டும் என்று சட்டம் இருந்தது. அங்கே பரிமாறப்பட்ட பானங்கள் வழக்கத்தைவிட வீரியமாகவே இருந்தன.

கைப்பையில் கொண்டுபோக அனுமதி கிடைத்தால் விமானத்திலேயே திறந்து குடிக்கலாம் என்று நினைப்பதும் தவறு. கைப்பையில் வைக்கும் திரவங்களுக்கான 100 மில்லி வரம்பு எடுத்துச் செல்வதற்கு மட்டுமே. விமான நிறுவனம் பரிமாறாத மதுவை விமானத்தில் அருந்துவதை அமெரிக்க விதிகள் வெளிப்படையாகவே தடைசெய்கின்றன.

சேகரிப்போர் செய்யும் தவறுகள் மெதுவாகத்தான் வெளிப்படும். 50,000-க்கும் மேற்பட்ட குட்டிப் புட்டிகளைக் கொண்ட அருங்காட்சியகம் ஒன்று நார்வேயின் ஆஸ்லோவில் திறக்கப்பட்டது என்றால், இந்தப் பித்து எவ்வளவு தூரம் போகும் என்று ஊகிக்கலாம். ஆனால், ஓக் பீப்பாயில் மட்டுமே முதிரும் விஸ்கி, புட்டிக்குள் அடைத்தபின் முதிர்வதில்லை. 12 ஆண்டு விஸ்கியை முப்பது ஆண்டுகள் பூட்டி வைத்தாலும் அது 12 ஆண்டு விஸ்கிதான். மாறாக, மூடியின் நுண்ணிய இடைவெளி வழியே அது ஆவியாகிக் குறையும். பெரிய புட்டியில் 5 மில்லி குறைந்தால் கண்ணுக்கே தெரியாது. மினியேச்சரிலோ அது பத்தில் ஒரு பங்கு. படுக்க வைத்தால் மது மூடியை அரிக்கும், வெயிலில் வைத்தால் லேபிள் வெளுக்கும் என்பதால் நிழலில் நிறுத்தி வைப்பதே முறை. பழைய புட்டியை வாங்கும்போது லேபிளைவிடக் கழுத்தருகே மது எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். லேபிளில் மதுவின் வீரியத்தைக் குறிக்க '70 புரூஃப்' என்றிருந்தால், பிரிட்டனின் பழைய கணக்கில் அது 40 சதவீதம், அமெரிக்கக் கணக்கில் 35 சதவீதம். எந்த நாட்டுப் புட்டி என்று பாராமல் மதிப்பிடுவோர் நல்ல சரக்கையும் நீர்த்தது என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.